சேற்றில் புரளும் நாய்க்காக வாங்கிய பழைய ஓம்னி

பழைய வண்டி வாங்கப் போகிறவருக்கு இன்ஜினைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த வண்டியில் ஏறப்போவது வயலின் தொளிச் சேற்றில் புரண்டுவிட்டு வரும் முப்பது கிலோ நாய் என்று சொன்னால் மட்டும் சிரிப்பார்களே தவிர, வழி சொல்ல ஒருவரும் கிடைப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாயையும் பிசானம் என்கிற நெற்பருவத்தின் நடவுக் காலம் ஒன்றையும் செலவழித்து நான் தெரிந்துகொண்டவற்றை, இதே தேவையோடு வண்டி தேடுபவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. வயல் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில். வாரக் கடைசியிலும் நடவு, அறுப்புக் காலங்களிலும் அங்கே போய்வர வேண்டும். பாண்டி என்கிற எங்கள் லேப்ரடாரை வீட்டில் தனியே அடைத்துவிட்டுப் போனால் கதவைப் பிறாண்டியே நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். கூட்டிப்போனாலோ, வாய்க்காலைக் கண்ட மாத்திரத்தில் குதித்து, கரையேறி, தொளியடித்துப் போட்ட வயலுக்குள் இறங்கிவிடும். லேப்ரடாருக்கு மேல்முடிக்கு அடியில் அடர்த்தியான உள்முடி உண்டு. நாட்டு நாயின் குட்டை முடியில் ஒட்டிய சேறு காய்ந்தால் தானே உதிர்ந்துவிடும். இதன் உள்முடியில் ஏறிய சேறும் ஈரமும் வீடு வந்து சேர்ந்த பிறகும் விடுவதில்லை. வீட்டுக் காரின் துணி இருக்கையில் பழைய போர்வையை விரித்துப் பார்த்தோம். போர்வை ஒரு பக்கம் சுருண்டுவிட, சேற்று நீர் இருக்கைப் பஞ்சுக்குள் இறங்கியது. உள்பக்கத்தைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம் ரூபாய் வரை ஆனது. ஆட்டோக்காரர்கள் நாயின் காலைப் பார்த்ததுமே தலையசைத்து மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆகவே ஒரு லட்சத்துக்குள், அழுக்கானால் மனம் பதறாத ஒரு பழைய வண்டி என்று முடிவானது. முதலில் பலரும் சொன்னது குட்டி யானையைத்தான், அதாவது டாடா ஏஸ். பின்னால் திறந்த தொட்டி, தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம், விலையும் குறைவு. ஆனால் அது சரக்கு வாகனமாகப் பதிவானது. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். வாங்கும் விலையில் மிச்சமாவது அங்கே கரைந்துவிடும். அதைவிட முக்கியமாக, திறந்த தொட்டியில் நாயைக் கட்டிக் கொண்டுபோவது எனக்குச் சம்மதமில்லை. கயிறு நீளமாக இருந்தால், குதிக்கும் நாய் வெளிப்பக்கம் தொங்கிக் கழுத்து இறுகிவிடும். குட்டையாக இருந்தால் வெயிலிலிருந்து ஒதுங்க முடியாது. வேகன் ஆர் போன்ற உயரமான கார்களில் இடம் போதும் என்றாலும், துணி இருக்கையும் தரைக் கம்பளமும் மறுபடி அதே தொல்லையைத்தான் தரும். இப்படிக் கழித்துக் கழித்து வந்தபோது எஞ்சியது மாருதி ஓம்னி.

நாய்க்கு ஓம்னி பொருத்தமான வண்டி என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. பின்பக்கம் தட்டையான தரை, இரு பக்கமும் நகர்த்தித் திறக்கும் அகலக் கதவு, கம்பளத்துக்குப் பதிலாகத் துடைக்கத்தக்க விரிப்பு, எந்த ஊர்ப் பட்டறையிலும் கைவைக்கத் தெரிந்த 796 சிசி இன்ஜின். 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்த இந்த வண்டியின் தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. ஆகையால் இப்போது சந்தையில் ஒரு லட்சத்துக்குள் கிடைப்பவை பெரும்பாலும் பன்னிரண்டு, பதினைந்து வயதைத் தொட்டவை. அந்த வயதுக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் வண்டி பார்த்தது 2024 ஆகஸ்டில். முந்தைய டிசம்பரில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கியதால், நீரில் நின்ற வண்டிகள் சந்தைக்கு வரும் என்ற எச்சரிக்கை எனக்கு இருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்கும் முறைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை, வண்டல் படிந்த கோடு அங்கே அப்படியே நிற்கும். இருக்கைக்கு அடியிலுள்ள போல்ட்டுகள், பின்விளக்கின் உட்குழி, ஸ்டெப்னி வைக்கும் இடம் ஆகியவற்றில் மெல்லிய களிமண் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், எதை மறைக்க அடித்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். நான் பார்த்த 2010 மாடல் ஓம்னி இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது. உடன் வந்த மெக்கானிக் இன்ஜினைக் கேட்டுவிட்டு, புகையில்லை, சத்தமில்லை, தைரியமாக எடுக்கலாம் என்றார். “ஸ்கூல் டிரிப் ஓடின வண்டி சார், பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க” என்றார் புரோக்கர். தரையில் புத்தம் புதிய கறுப்பு மேட் ஒட்டியிருந்தது. தொண்ணூற்றைந்தாயிரத்துக்குப் பேசி முடித்தோம்.

ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டது பாண்டிதான். வண்டியில் ஏற்றியதும், வெளியே பார்க்காமல், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இடது மூலையில் மேட்டை நக்கத் தொடங்கியது. இழுத்துப் பிடித்தாலும் திரும்பத் திரும்ப அதே மூலைக்குப் போனது. புது ரப்பரின் வாசனை பிடித்திருக்கிறது போலும் என்று வீட்டில் சிரித்துக்கொண்டோம். சில வாரங்கள் கழித்து, வயலில் நனைந்த நாய் ஏறி இறங்கி ஈரம் உள்ளே போனதும், ஒரு வெயில் நாளில் கதவைத் திறந்தபோது கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது. அன்று மாலையே மேட்டின் ஓரத்தைப் பிரித்தேன். புது மேட்டுக்குக் கீழே பழைய மேட் இருந்தது. அதற்கும் கீழே கறுத்த கூழாகக் கசடு. அதில் அங்கங்கே மீன் செதில்கள் ஒட்டியிருந்தன. கசடை வழித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். நனைந்த அட்டைக்குள் இறங்குவதுபோல் முனை தகட்டுக்குள் இறங்கியது. எடுத்துவிட்டுப் பார்த்தால் ஓட்டை வழியே வாசல் சிமெண்டுத் தரை தெரிந்தது.

பள்ளிப் பிள்ளைகள் அந்த வண்டியில் எந்தக் காலத்தில் போனார்களோ தெரியாது. கடைசிச் சில ஆண்டுகள் அதில் போனது ஐஸ் வைத்த மீன் பெட்டிகள். ஐஸ் உருகி வடியும் உப்பு நீர் மேட்டுக்கு அடியில் புகுந்து, வெளியேற வழியில்லாமல் தங்கி, தகட்டை மேலிருந்தே தின்றிருக்கிறது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி அடியில் பார்த்திருந்தாலும் உடனே தெரிந்திருக்காது; அடிப்பக்கம் முழுவதும் புதிதாகத் தார் பூசியிருந்தார்கள். புரோக்கரிடம் கேட்டபோது, “பழைய வண்டின்னா அப்படித்தான் சார், ஓட்டிப் பாத்துத்தானே எடுத்தீங்க” என்று போனை வைத்துவிட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனதைவிட, அந்தத் தரையின் மேல் என் மகளையும் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன் என்ற நினைப்புதான் உறுத்தியது. ஓம்னியில் லாரியைப்போல் அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. உடலும் தரையும் ஒன்றாகச் சேர்ந்தே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. இருக்கையும் சீட் பெல்ட்டும் அதே தரையில்தான் முடுக்கப்பட்டிருக்கின்றன.

இதிலிருந்து நான் சொல்ல விரும்பும் முதல் பாடம், நாய்க்காக வண்டி பார்க்கிறவர் தரையிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதே. இன்ஜின் கெட்டால் பழுது பார்க்கலாம், முடியாவிட்டால் பழைய இன்ஜின் ஒன்றை மாற்றக்கூடச் செய்யலாம். தரை இற்றுப்போன வண்டியில் ஈர நாயை ஏற்றினால் மிச்சமிருப்பதும் ஒரு மழைக்காலத்தில் போய்விடும். விற்பவர் மேட்டைப் பிரிக்கச் சம்மதிக்கவில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். சம்மதித்தால், நான்கு இடங்களில் கட்டாயம் பார்க்க வேண்டும்: முன் இருக்கைகளின் பின்கால் அருகே, நகரும் கதவின் கீழ்த்தண்டவாளத்தை ஒட்டி, பின்சக்கர வளைவின் உட்பக்கம், பின்கதவு மூடும் உதட்டின் ஓரம். கட்டை விரலால் அழுத்தினால் தகடு உள்வாங்கக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் உள்ளே துரு, அல்லது ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி இருக்கிறது. புதிய மேட்டும் புதிய தார்ப்பூச்சும் ஒரே நேரத்தில் இருந்தால் அதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டறையில் வண்டி ஒரு மாதத்துக்கும் மேலாக நின்றது. டிங்கரிங், அதாவது தகட்டு வேலை, செய்தவர் நேர்மையானவர். ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லாமல், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து பின் இருக்கை வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தால்தான் நிற்கும் என்றார். பெயிண்டுடன் முப்பத்து நான்காயிரம் ஆனது. இந்த வேலை செய்ய நேர்ந்தால் இரண்டை நீங்களே நின்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெல்டிங் தொடங்கும் முன் பெட்ரோல் டேங்கை இறக்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். வெல்டிங் முடிந்த பிறகு தையல் ஓரங்களில் சீலண்ட் வைத்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு அடித்து, நன்றாகக் காய்ந்த பின்பே மேற்பூச்சு போட வேண்டும். அவசரப்பட்டால் அடுத்த துரு அந்தத் தையலிலேயே தொடங்கும். நகரும் கதவின் உருளைகளும் சேற்றில் தேய்ந்திருந்ததால் அவற்றையும் கதவோர ரப்பர் பீடிங்கையும் மாற்ற மூவாயிரத்து ஐந்நூறு தனியாக ஆனது. வண்டி வாங்கும்போதே அந்தக் கதவை ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள். பாதியில் சிக்கினால் தண்டவாளத்தில் மண் இறுகியிருக்கிறது, அல்லது உருளை போய்விட்டது. நாயை ஏற்றும்போது உங்கள் ஒரு கை எப்போதும் கழுத்துவாரில் இருக்கும் என்பதால், ஒற்றைக் கையில் திறந்து மூட முடியாத கதவு தினமும் சோதனைதான்.

வண்டி பட்டறையில் நின்ற நாட்களில் வயல் வேலை மழையோடு மழையாக வந்துவிட்டது. நான் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்வர, பாண்டி வீட்டில் கிடந்து இரண்டு கதவுகளின் பெயிண்டைச் சுரண்டி முடித்தது. நாற்று நடவில் நான் நிற்க வேண்டிய இரு நாட்களைத் தவறவிட்டேன். அந்த எரிச்சல் வீட்டில் எல்லோர் மேலும் விழுந்தது.

இப்போது தாள் சமாச்சாரம். பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரைதான் சொந்தக் காரின் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று செல்லும், அதற்குப் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் கார்களுக்கு 5,000 ஆகிவிட்டது. தவிர, பழைய வண்டிகளுக்கான பசுமை வரி உண்டு. காலாவதி நாளுக்கு அறுபது நாள் முன்பிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம்; தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம் ஏறிக்கொண்டே போகும். என் வண்டி 2010 பிப்ரவரியில் பதிவானது. அதாவது நான் வாங்கியபோது அதற்கு அரையாண்டு ஆயுள்தான் எஞ்சியிருந்தது. விலை மலிவாக இருந்ததற்கு மீன் பெட்டி ஒரு காரணம், இது இன்னொரு காரணம். பன்னிரண்டு வயது வண்டிக்கும் பதினான்கரை வயது வண்டிக்கும் விலையில் பதினைந்தாயிரம்தான் வித்தியாசம் என்றால் இளையதை எடுப்பதே லாபம். சேசிஸ் எண் பொறித்த இடத்தையும் வாங்கும்போதே துடைத்துப் பார்த்துவிடுங்கள். ஆய்வின்போது அதைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். துரு தின்று எண் மங்கியிருந்தால் அலைச்சல் பெரிது.

அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி. எதுவரை செல்லும், கடன் பதிவு நீக்கப்பட்டதா, காப்பீடு இருக்கிறதா என்பவை தெரிந்துவிடும். நிலுவையிலுள்ள இ-சலான்களையும் பணம் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். என் வண்டியின் மேல் இருந்த இரண்டாயிரம் ரூபாய் அபராதம் பெயர் மாற்றத்தின்போதுதான் தலைகாட்டியது, அதை நானே கட்டினேன். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தை அன்றே தொடங்கிவிடுவது நல்லது. காப்பீட்டையும் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஓம்னி ஆயிரம் சிசிக்கு உட்பட்டது என்பதால் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வரி நீங்கலாக 2,094 ரூபாய்தான். இந்த வண்டியின் கண்ணுக்குத் தெரியாத சிக்கனங்களில் இது ஒன்று.

வண்டி திரும்பி வந்த பிறகு உள்ளே செய்த ஏற்பாடு நன்றாக அமைந்தது. ஒட்டு மேட் எதுவும் போடவில்லை. மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் கனமான ரப்பர் பாயை அளவுக்கு வெட்டி, அடிப்பக்க வரிகள் கீழே இருக்கும்படி வெறுமனே விரித்திருக்கிறேன். நாய்க்கு வழுக்காது, அடியில் காற்று ஓடும், வீடு வந்ததும் உருவியெடுத்து மதில்மேல் போட்டுக் கழுவலாம். பாயை எடுத்த பிறகு தரையைத் துடைத்து, கதவுகளை ஒரு மணி நேரமாவது திறந்து வைக்க வேண்டும். தரையைக் குழாய் வைத்துப் பீய்ச்சாதீர்கள். வயர்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. வாளித் தண்ணீரும் துணியும் போதும். கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள வடிதுளைகளை மாதம் ஒரு முறை ஈர்க்குச்சியால் குத்திவிடுகிறேன். காய்ந்த வயல் மண் அதை அடைத்தால் மழை நீர் கதவுக்குள்ளேயே நின்றுவிடும்.

நாயைக் கழுத்துவாரில் கட்டக் கூடாது. மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் குட்டையான வாரை மாட்டி, சீட் பெல்ட் முடுக்கிய இடத்தோடு இணைத்திருக்கிறேன். முன் இருக்கைக்குப் பின்னால் கம்பி வலைத் தடுப்பு ஒன்றும் வைத்தேன். திடீரென்று பிரேக் அடித்தால் முப்பது கிலோவும் ஓட்டுநரின் கழுத்தின் மேல்தான் வந்து விழும். வெப்பம் இன்னொரு கவலை. ஓம்னியின் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, ஏ.சி. இல்லாத வண்டியில் கார் நெற்பருவத்தின் வெயில் நண்பகலில் உள்ளே அனல் ஏறிவிடும். நாய்க்கு வியர்த்துத் தணியும் உடலில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். ஆகவே காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும்தான் பயணம். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி கூடிவிடும் என்பதால், டீ குடிக்கும் நேரத்துக்குக்கூட அதை உள்ளே விட்டுப் போவதில்லை. ஏற்றும் முன் பம்ப்செட் தண்ணீரில் காலையும் வயிற்றையும் அலசி, பழைய வேட்டியால் ஒற்றியெடுத்து, விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம். எலி நடமாடும் வயல் நீரில் புரளும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும்; அந்த நோய் நாயிடமிருந்து நமக்கும் வரக்கூடியது.

கணக்கை முடித்துச் சொல்லிவிடுகிறேன். வண்டி 95,000; தரையும் பெயிண்டும் 34,000; கதவு வேலை 3,500; பெயர் மாற்றத்துக்கு ஏஜென்ட்டுடன் 4,000; பழைய அபராதம் 2,000; காப்பீடு 2,800; 2025 தொடக்கத்தில் மறுபதிவு, பசுமை வரி, ஆய்வுக்காகச் சரிசெய்த விளக்கு, பிரேக் எல்லாம் சேர்த்து 9,000. மொத்தம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தப் பணம் முதலிலேயே கையில் இருக்கிறது என்றால், இன்னும் கொஞ்சம் சேர்த்து மாருதி ஈகோ வண்டியைப் பார்க்கச் சொல்வேன். 2010 முதல் வருகிற வண்டி, இன்ஜின் பெரியது, ஏ.சி. உள்ள வகையும் உண்டு; காப்பீடு மட்டும் 3,416 ரூபாய்ப் பிரிவுக்குப் போகும். ஒரு லட்சத்துக்குமேல் முடியாது என்பவர்கள் ஓம்னிக்கே போகலாம். ஆனால் அதில் எழுபது, எண்பதாயிரத்துக்குமேல் வண்டிக்குக் கொடுக்காமல் மீதியைத் தரை வேலைக்கென்று ஒதுக்கி வையுங்கள். நாய்க்காகப் பின் இருக்கையைக் கழற்றினால், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் போல்ட்டுகளோடு பரணில் ஏற்றிவிடுங்கள். ஆர்.சி.யில் ஐந்து இருக்கை என்று இருக்கும்வரை ஆய்வன்று ஐந்தும் வண்டியில் இருந்தாக வேண்டும். என் ஆர்.சி. 2030 பிப்ரவரி வரை செல்லும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். அந்த ஆண்டில் இந்த வண்டியைப் புதுப்பிப்பதா, கழிப்பதா என்பதைத் தரையைத் தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.